ஊதாக் கறை போகாத ரவிக்கை

நேற்று மத்தியானம் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடி அந்த வெள்ளை ரவிக்கையை எடுத்தேன். என்னுடையதுதான், ஆனால் நான் போட்டதைவிட நீ போட்டதுதான் அதிகம். முன்பக்கம் கொக்கி, கை தொளதொளவென்று, என் பெண் கைக்குழந்தையாக இருந்தபோது தைத்துக்கொண்டது. வலது பக்கம் மார்பைச் சுற்றி ஊதா மைக் கறை, கோடு கோடாக. நீ போன பிறகு உன் மகள் அதை மடித்துக் கொண்டுவந்து, "இது உங்களுதுதானே அத்தை, அம்மா தனியா எடுத்து வெச்சிருந்தாங்க" என்று கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு வாங்கிப் பெட்டிக்கு அடியில் போட்டவள், நேற்றுவரை தொடவில்லை. உன் வாசனை இருக்குமோ என்று முகர்ந்து பார்த்தேன். பாச்சை உருண்டை வாசனைதான் அடித்தது. என் மூக்கின் மேலும் எனக்குச் சந்தேகம் என்பதால் இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தேன்.

ஏன் தேடினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குக் கோபம் வரும்.

எனக்கும் கட்டி வந்திருக்கிறது. இடது பக்கம், அக்குளை ஒட்டி. ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்த்துவிட்டு அதேதான் என்று சொல்லிவிட்டார்கள். ஆரம்பம்தானாம். பாண்டிச்சேரியில் உனக்குப் பார்த்த அதே டாக்டரம்மா எனக்கும் அதே இரண்டு வழியைச் சொல்லியிருக்கிறார். கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டு, மார்பை விட்டுவைத்து, பிறகு கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பது ஒன்று. மார்பையே முழுசாக எடுத்துவிடுவது இன்னொன்று. வியாழக்கிழமை போய் எது என்று நான் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னேன், "டாக்டர் என்ன சொல்றாங்களோ செய்" என்றார். டாக்டர் என்னையல்லவா சொல்லச் சொல்கிறார். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நம் பீங்கான் கம்பெனியில் நீ எனக்கு வைத்த பெயர் சி.ஐ.டி. நான் கொட்டகைக்குள் நுழைந்தாலே, "வந்துட்டாடி சி.ஐ.டி., டீ கிளாஸ மறைச்சு வைங்க" என்பாய். என் குணத்தைப் பார்த்துத்தான் எனக்கு அந்த வேலையே கொடுத்தார்கள் என்பாய். சூளையிலிருந்து வருகிற இன்சுலேட்டரையும் ஃப்யூஸ் கட்டையையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சின்னக் கம்பியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் அடைத்தாற்போல் வந்தால் உள்ளே எங்கோ விரிசல். கண்ணுக்குத் தெரியாது, தடவினாலும் தெரியாது. ஆனாலும் தூக்கிப் பின்பக்கக் குவியலில் எறிந்துவிட வேண்டும். விரிசல் இருக்கிற இடத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பு என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. ஒரு ஓரத்தில் கெட்டிருந்தால் முழுசும் கெட்டது. இத்தனை வருஷத்தில் அந்தப் பெஞ்சில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

உன் பெஞ்சு கொட்டகையின் அந்தக் கோடியில். அச்சைப் பிரித்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைச் சாமான் முதலில் உன் கைக்குத்தான் வரும். பிசிறைக் கத்தியால் சீவுவாய், ஈர ஸ்பாஞ்சால் வழிப்பாய், எங்காவது லேசாகக் கீறியிருந்தால் அந்த இடத்தைத் தோண்டி எடுத்து நனைத்துச் சரி பண்ணிவிடுவாய். உன் கையை விட்டுப் போன சாமான் உலர்ந்து, சூளைக்குள் போய் வெந்து, கடைசியில் என்னிடம் வரும். ஒரே சாமானின் இரண்டு முனையில் நாம் இருந்தோம். இதை அப்போது நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு டீ வேளையில் அச்சு அடுக்கியிருக்கும் மறைவுக்கு என்னைக் கூட்டிப்போனாய். முழங்கைவரை களிமண் குழம்பு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. நான் ஏதோ வம்பு சொல்லப் போகிறாய் என்று நினைத்தேன்.

"நீதானே செக்கிங்கு. இதையும் பாத்து சொல்லு" என்று என் கையைப் பிடித்து உன் மார்பில் வைத்தாய்.

கொட்டைப் பாக்கு அளவுக்கு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. அசைந்தும் அசையாமலும் இருந்தது.

"வலிக்குதா?"

"இல்லடி. வலிச்சிருந்தா எப்பவோ மருந்து போட்டிருப்பேனே."

"வலிக்கலன்னாதான் எனக்கு சந்தேகமா இருக்குது" என்றேன்.

நீ சிரித்தாய். ஆனால் கையை எடுக்க விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாய்.

உள்ளூரில் காட்டிய டாக்டர் இரண்டே வார்த்தைதான் சொன்னார், "முழுசா எடுத்துடணும்." எனக்கு அவரைப் பிடித்துப்போனது. உனக்குப் பிடிக்கவில்லை. பாண்டியில் இருக்கும் உன் சித்தி மகள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியைச் சொல்ல, காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் கிளம்பினோம். நெய்வேலி தாண்டியதும் நீ தூங்கிவிட்டாய். நான் தூங்கவில்லை. சித்தி மகளுக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று பண்ருட்டி வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா உன்னைப் பார்த்து முதலில் கேட்டது, "கூட யாரு வந்திருக்காங்க?" என்பதுதான். நீ என்னைக் காட்டி, "இவதாங்க. எனக்குக் கேள்வி கேக்க வராது. அதுக்குன்னே கூட்டியாந்திருக்கேன்" என்றாய். அவர் சிரித்துவிட்டு எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். நோயாளிக்குக் கொடுக்கிற மரியாதையைக் கூடவந்தவளுக்கும் கொடுக்கிறாரே, என்னத்துக்கு என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம்.

வெள்ளைத் தாளில் படம் போட்டுக் காட்டினார். இந்த அளவுக் கட்டிக்கு, அதுவும் ஒரே கட்டியாக இருக்கும்போது, இரண்டு வழியும் இருக்கிறது என்றார். எந்த வழியானாலும் அக்குளில் இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுத்துப் பார்த்தாக வேண்டும் என்றார். மார்பை விட்டுவைத்தால் கட்டாயம் கரண்ட் வைக்க வேண்டும், ஐந்தாறு வாரம், சனி ஞாயிறு தவிர தினமும், ஒரு நாளும் தவறக் கூடாது என்றார். முழுசாக எடுத்தால் உன் நிலைமைக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாதாம்.

நீ முழங்கையால் என்னை இடித்தாய். நான் ஆரம்பித்தேன்.

"கொஞ்சத்தை விட்டு வெச்சா, விட்ட எடத்துல மறுபடி வராதா?"

"வரலாம்மா. முழுசா எடுத்தவங்களைவிட அந்த எடத்துல வர்றதுக்குக் கொஞ்சம் கூடவே வாய்ப்பு இருக்குது. அதைக் குறைக்கத்தான் கரண்ட் வைக்கிறோம். அதையும் மீறி வந்தா அப்ப எடுத்துடலாம். ஆனா ஆயுசுன்னு பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப முழுசா எடுத்துட்டா அப்புறம் எங்கயும் வராதுதானே?"

"அப்படியும் சொல்ல முடியாது. வேற எடத்துக்குப் போகுமா போகாதாங்கறது நாங்க எவ்வளவு அறுக்கறோங்கறதுல இல்ல."

முடியாது, தெரியாது, இருக்கலாம். என் பெஞ்சில் இப்படிப் பேசினால் மேஸ்திரி வேலையை விட்டே அனுப்பிவிடுவார். வெளியே வந்ததும் வேப்ப மரத்தடியில் நிறுத்தி உன்னிடம் சொன்னேன்: "வழி ரெண்டு இருக்குதுன்னு சொல்றாங்கன்னா, எதுன்னு அவங்களுக்கே தெரியலன்னு அர்த்தம். நீதான் சொல்லணும்னு நம்ம தலையில கட்றாங்க. நாளைக்கு ஏதாவது ஆனா, நீதானேம்மா கேட்டேன்னு சொல்லிடலாம் பாரு."

"உனக்கு நல்லது சொன்னாலும் சந்தேகம், கெட்டது சொன்னாலும் சந்தேகம்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சண்டை. விரிசல் விட்ட சாமானை யாராவது வெட்டி ஒட்டுவார்களா என்று நான் கேட்டேன். ஓரத்தில் ஒரு மயிரிழை இருந்தால் போதுமே, கரண்ட் பாய்கிற நாளில் மொத்தமும் வெடித்துப் போகுமே, இது உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் நாம் ஏதோ கம்பெனிச் சாமானைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார்.

நீ ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாய். பிறகு நிதானமாகச் சொன்னாய்.

"நீ சுட்டப்புறம் பாக்கறவ. உன்கிட்ட வரும்போது ஒண்ணும் பண்ண முடியாது, எறியத்தான் வேணும். நான் பச்சையில பாக்கறவ. பச்சையில கீறல் இருந்தா அந்த எடத்தை மட்டும் சீவி எடுத்தா போதும். தினம் எத்தனை பண்றேன். நான் சீவினது எத்தனை உன் கையில கணீர்னு கேட்டிருக்குது, உனக்குத் தெரியுமா? அந்தம்மா ஆரம்பம் ஆரம்பம்னு அதைத்தானே சொல்றாங்க."

மறுத்துப் பேச முடியாததாலேயே எனக்குக் கோபம் வந்தது. உடம்பு களிமண் இல்லை என்று ஏதோ சொன்னேன். அதையேதான் நானும் மறந்திருந்தேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. என் கம்பியை வைத்துக்கொண்டு உன் உடம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தானே.

உன் வீட்டுக்காரர் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. இதை நீ உயிரோடு இருக்கும்போது உன்னிடம் சொன்னதில்லை. மார்பை விட்டுவைக்கச் சொல்லி அவர்தான் உன்னைத் தூண்டுகிறார், ஆம்பளை புத்தி, என்று நினைத்தேன். நெய்வேலியில் காண்ட்ராக்ட் வேலை முடித்து வந்த மனுஷனை வாசலிலேயே மடக்கிக் கேட்டேன். அவர் சாப்பாட்டுத் தூக்கைக் கூடக் கீழே வைக்காமல், "அவ உடம்பு, அவ சொல்றதுதாங்க. எனக்கு அவ இருந்தா போதும்" என்றார். அந்தக் குரலில் பொய் இல்லை. ஆனாலும் நான் நம்பியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முதல் ஆபரேஷன் முடிந்து பரிசோதனை ரிசல்ட் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்குளில் ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா முதலில் சொன்னார். நீ கையெடுத்துக் கும்பிட்டாய். பிறகு, எடுத்த சதையின் ஒரு பக்க ஓரம் சுத்தமாக இல்லை, நோய் விளிம்பைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது என்றார். அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும், இல்லை முழுசாக எடுத்துவிடலாம், இப்போதும் இரண்டு வழி உண்டு, யோசித்து நாளைக்குச் சொல்லுங்கள் என்றார்.

அந்த நிமிஷம் என் மனசில் வந்தது பயம் மட்டும் இல்லை. பார்த்தாயா, நான் சொன்னேனே என்ற ஒரு திருப்தியும் வந்தது. சின்னதுதான். ஆனால் வந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒத்துக்கொள்கிறேன்.

நீ வார்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, பழம் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு எதிரில் இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனேன். உன் வீட்டுக்காரருடைய சூப்பர்வைசரின் செல்லுக்குப் போட்டு அவரைக் கூப்பிடச் சொன்னேன். "அண்ணே, இவங்க கொஞ்சம் கொஞ்சமா அறுத்துப் பாக்கறாங்க. ஓரத்துல நோயி நிக்குதாம். அவ புரியாம பேசறா. நீங்க வந்து முழுசா எடுக்கச் சொல்லிக் கையெழுத்து போடுங்க" என்றேன். நாளைக்கே வருகிறேன் என்றார் அந்த மனுஷன். பழம் வாங்க மறந்து வெறுங்கையோடு வார்டுக்கு வந்தேன். நீ அதைக் கவனித்தாய்.

மறுநாள் அவர் அழுக்குச் சட்டையோடு வந்து நின்று, "முழுசா எடுத்துடுங்க டாக்டர்" என்றார். டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தார். நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய்.

"கையெழுத்து நீங்க போடுங்க. எதுக்குப் போடறீங்கன்னு நான் சொல்றேன்" என்று அவரிடம் சொன்னாய். அப்புறம் எங்கள் இருவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மாவோடு தனியாகப் பேசினாய். கதவு சாத்தியிருந்தது. உள்ளே என்ன பேசினாய் என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது உன் கண் சிவந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் எடுக்கப் போறாங்க. அவ்வளவுதான்" என்றாய்.

இரண்டாவது தடவை ஓரமெல்லாம் சுத்தம் என்று வந்தது. அந்தக் காகிதத்தை டாக்டரம்மா என் கையில்தான் கொடுத்தார். மேலும் கீழும் பார்த்தேன், உன் பெயர்தானா, வயசு சரியா, வேறு யாருடையதாவது மாறி வந்துவிட்டதா என்று. நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கொடுப்பாய், உட்காரச் சொல்வாய், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கரண்ட் வைக்க ஆரம்பிக்கிற நாளில் நம்மூர்ப் பாலக்கரையில் பஸ்ஸுக்கு நின்றபோது நான் கூப்பிடாமலே வந்து உன் பக்கத்தில் நின்றேன்.

"ஏண்டி, உனக்கு வேலை இல்லியா?"

"லீவு போட்டிருக்கேன்."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாய். அதுதான் மன்னிப்பு என்று புரிந்துகொண்டு உட்கார்ந்தேன். நெய்வேலியோ பண்ருட்டியோ, எங்கோ வரும்போதுதான் மறுபடி வாயைத் திறந்தாய், என் பக்கம் திரும்பாமல்.

"கேக்கறது உன் வேலை. அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வரேன். எவ்வளவு வேணா கேளு. சொல்றது என் வேலை. அதுல கைய வைக்காத."

அந்த வாரங்களில்தான் இந்த ரவிக்கை உன்னிடம் வந்தது. கரண்ட் வைக்கும் இடத்தைச் சுற்றி ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். அழியக் கூடாது, சோப்புப் போடக் கூடாது, இறுக்கிப் போடக் கூடாது. உன் ரவிக்கையெல்லாம் பிடித்துத் தைத்தவை. என்னுடையதைக் கொடுத்தேன், அந்தக் கோடெல்லாம் வேர்வையில் இதில் இறங்கியது. மாசி மகத்துக்கு ஊரே மணிமுத்தாற்றில் இறங்கியபோது நீ கரையில் நின்று தலையில் மட்டும் நாலு துளி தெளித்துக்கொண்டாய். "சாமிக்குத் தெரியும், எனக்குக் கோடு போட்டிருக்காங்கன்னு" என்றாய்.

கரண்ட் அறைக்குள் யாரையும் விட மாட்டார்கள். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு எரியும். நான் அதன் கீழேயே நின்றிருப்பேன். ஒரு நாள் மிஷின் ஆபரேட்டரை மடக்கி, "நேத்து இன்னும் கொஞ்ச நேரம் எரிஞ்சுதே, இன்னிக்கு ஏன் சீக்கிரம் அணைஞ்சுது?" என்று கேட்டேன். அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நீ வெளியே வந்து கேள்விப்பட்டு, தையல் போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "நம்ம சூளை மாதிரிதான்டி இருக்குது உள்ள. ஒரு நெருப்பும் தெரியல. ஆனா வேவுது" என்றாய். கடைசி வாரம் தோல் கறுத்து, அடியில் கொஞ்சம் உரிந்தது. அப்போது மட்டும் ஒரு தடவை, "முழுசா எடுத்திருந்தா இந்த அலைச்சல் இல்லாம இருந்திருக்கும்" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

அதற்குப் பிறகு நீ நன்றாக இருந்தாய். தினம் ஒரு மாத்திரை, அவ்வப்போது ஒரு செக்கப். மறுபடியும் பெஞ்சுக்கு வந்து கத்தியைப் பிடித்தாய். வலது கை மட்டும் சில நாள் கனக்கும், உயரத் தூக்க வராது. மார்பில் ஒரு பள்ளம், ஒரு தழும்பு, மேலே புடவை கட்டினால் ஒன்றும் தெரியாது. எந்தப் பக்கம் என்றே மறந்துபோச்சு என்று ஒரு தடவை சொன்னாய், சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே யோசித்துச் சொன்னாய். நான்தான் மறக்கவில்லை. நீ இருமினால் பார்ப்பேன். முதுகு வலி என்றால் பார்ப்பேன். இளைத்தால் பார்ப்பேன், சதை போட்டால் அது வீக்கமோ என்று பார்ப்பேன். நீ வாழ்ந்துகொண்டிருந்தாய். நான் உன்னைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திட்டக்குடியில் உன் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. காலையில் சீர்த் தட்டோடு பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. கம்பெனிக்கு ஆள் வந்து சொன்னபோது என் கையில் ஒரு இன்சுலேட்டர் இருந்தது. அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு வந்தது என்ன தெரியுமா? நான் அப்பவே சொன்னேன் என்பதுதான். முழுசா எடுத்திருக்கணும் என்பதுதான். நீ செத்துப்போனாய் என்பதைவிட நான் சொன்னது சரி என்பது எனக்கு முன்னால் வந்து நின்றது. இதைவிடக் கேவலம் என் வாழ்க்கையில் நான் பட்டதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

காரியம் முடிந்ததும் உன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நான் தனியாகப் பாண்டிக்குப் போனேன். டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டினார். போன மாசம் எடுத்த படம்வரை எல்லாம் சுத்தமாக இருக்கிறது, இது மாரடைப்பு, அந்த நோய் இல்லை என்றார்.

"வெச்ச கரண்ட் இதயத்தைத் தொட்டிருக்குமோ?"

"அவங்களுக்கு வலது பக்கம்மா" என்றார்.

திரும்பி வந்து அந்த எக்ஸ்ரேப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்த்தேன். நான் இத்தனை வருஷம் காவல் நின்ற பக்கம் ஒன்றும் வரவில்லை. வந்தது வேறு பக்கம். அந்தப் பக்கம் நானும் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை.

போன வாரம் எனக்காக அதே அறைக்குள் போனபோது, டாக்டரம்மா தலை நரைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்கதானே கேள்வி கேக்கறவங்க?" என்றார். நானும் கேட்டேன், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்டேன். அதே பதில்களைச் சொன்னார், அதே தெரியாது, அதே இருக்கலாம். இந்தத் தடவை அது ஏமாற்றுப் பேச்சாகத் தோன்றவில்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்கிற பேச்சாகத் தோன்றியது. எழுந்திருக்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு அன்றைக்கு நீ அவரிடம் என்ன பேசினாய் என்று கேட்டுவிட்டேன். சொல்லக் கூடாதோ என்று கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்.

"ரொம்ப நேரம் அழுதாங்க. 'அவ கேக்கறதுனாலதான் டாக்டர் நான் தைரியமா நிக்கறேன். எனக்குள்ள இருக்கற சந்தேகத்தையெல்லாம் அவதான் கேக்கறா. அவளே பயந்து எனக்குத் தெரியாம போயி போன் பண்ணிட்டா. இனி நான் யாரைப் புடிச்சிட்டு நிக்கிறது?'ன்னாங்க. அப்புறம் கண்ணைத் தொடச்சிட்டு, இன்னும் கொஞ்சம் எடுங்கன்னாங்க."

பஸ்ஸில் வரும்போது பண்ருட்டியில் யாரோ பலாப்பழத்தோடு ஏறினார்கள். அந்த வாசனையில் எனக்குக் குமட்டியது. ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். உனக்காகச் சந்தேகப்பட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. உன் உடம்பை வைத்துக்கொண்டு என் பயத்துக்கு வைத்தியம் பார்த்தேன். நீ ஒன்றையும் சொல்லிக் காட்டாமல் பக்கத்து சீட்டைக் காலியாக விட்டாய்.

வியாழக்கிழமை என்ன சொல்லப் போகிறேன் என்று முடிவு பண்ணிவிட்டேன். கேட்டால் நீ சிரிப்பாய். முழுசாக எடுத்துவிடச் சொல்லப் போகிறேன். நீ செய்தது தப்பு என்பதால் இல்லை. உனக்கு அது சரியாக இருந்தது, நீ சீவி எடுத்துவிட்டு அதை மறந்து போனவள். நான் மறக்க மாட்டேன். விட்டுவைத்தால் ஒவ்வொரு நாள் காலையிலும் குளிக்கிற அறையில் என்னையே தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆயுசு இரண்டிலும் ஒன்றுதான் என்கிறார்கள். அந்த ஆயுசை நான் எப்படி வாழ்வேன் என்பது எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு உனக்குச் சொன்ன பதில் என்னுடையது. அதை இப்போதுதான் சரியான ஆளிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன்.

"பயந்து சொல்றீங்களா, யோசிச்சு சொல்றீங்களா, அதைத் தெரிஞ்சிட்டு வாங்க" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். இரண்டும்தான் என்பேன். அது பொய்யில்லை.

ரவிக்கையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். கறை போகவில்லை, நானும் தேய்க்கவில்லை. அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பதிலும் கையில் இருக்கிறது. உன் வேலை, என் வேலை இரண்டையும் நானே பார்த்துக்கொள்வேன். ஆனால் உள்ளே போனதும் அவர் முதலில், "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்பார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அதற்கு என்ன சொல்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.